சூப்பர்பேட் (2007 திரைப்படம்)

சூப்பர்பேட், 2007 ஆகஸ்ட் 17 அன்று அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைப் படம். இயக்கம் கிரெக் மொட்டோலா. திரைக்கதை சேத் ரோகன், இவான் கோல்ட்பர்க். ஜட் அபடோ, ஷானா ராபர்ட்சன் தயாரித்த இப்படத்தை கொலம்பியா பிக்சர்ஸ் வெளியிட்டது. பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் இரண்டு நண்பர்கள், ஒரு பார்ட்டிக்குச் சரக்கு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஒரே இரவில் படும் பாடுதான் கதை. படம் முழுக்கக் கெட்ட வார்த்தை. அமெரிக்கத் தரப்படுத்தல் குழு இதற்கு ‘ஆர்’ சான்று கொடுத்தது. கதையில் வரும் பையன்களைவிட ஓரிரு வயது இளையவர்கள், பெரியவர் துணையில்லாமல் தியேட்டருக்குள் நுழைய முடியாது என்பது அதன் பொருள்.

மேலோட்டமாகப் பார்த்தால் பெண்களை எப்படியாவது வசப்படுத்தத் துடிக்கும் வயசுப் பையன்களின் கூத்து. உள்ளே ஓடுவதோ பிரிவுத் துயரம். சின்ன வயதிலிருந்து ஒட்டிக்கொண்டே வளர்ந்த இருவரும் விரைவில் வெவ்வேறு கல்லூரிக்குப் போகப்போகிறார்கள். அந்தப் பயத்தைச் சொல்லத் தெரியாமல் வாயில் வந்த அசிங்கத்தையெல்லாம் பேசித் தீர்க்கிறார்கள். இந்த வகைப் படங்கள் பலவற்றில் கொச்சைப் பேச்சு சிரிப்பு மூட்டுவதோடு நின்றுவிடும். இங்கே அது பாத்திரங்கள் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் இருக்கிறது. படத்தின் பலம் அதுதான்.

முன்னோடிகள்

ஹாலிவுட்டில் 1934 முதல் கறாராக நடைமுறையில் இருந்த ஹேஸ் விதிகள் 1968இல் கைவிடப்பட்டு, வயதுவாரிச் சான்று முறை வந்தது. பச்சையான நகைச்சுவைக்குப் பெரிய திரையில் இடம் கிடைத்தது அதன் பிறகுதான். கல்லூரி மாணவர்களின் அட்டகாசத்தை 1978இல் அனிமல் ஹவுஸ் பெரும் வசூலாக மாற்றிக் காட்டியது. 1981இல் வந்த கனடா தயாரிப்பான போர்கீஸ், 1950களின் ஃபுளோரிடாவில் நடக்கும் கதை. பெண்கள் குளிக்கும் அறையைப் பையன்கள் எட்டிப் பார்ப்பதுதான் அதில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி. இன்று அதைச் சிரித்துக்கொண்டே பார்ப்பது கஷ்டம். அதை அடுத்து 1982இல் வந்த ஃபாஸ்ட் டைம்ஸ் அட் ரிட்ஜ்மான்ட் ஹை, பெண் இயக்குநரான எமி ஹெக்கர்லிங்கின் கையில் வேறு நிறம் பெற்றது. கேமரான் க்ரோ ஒரு பள்ளிக்குள் மாணவனைப்போல நுழைந்து திரட்டிய செய்திகளிலிருந்து பிறந்த கதை அது. கருக்கலைப்பைக்கூட அலட்டலில்லாமல் சொன்னது.

1999இல் அமெரிக்கன் பை வந்தது. படிப்பு முடிவதற்குள் கன்னி கழிந்தாக வேண்டும் என்று நான்கு நண்பர்கள் சபதம் போடுகிறார்கள். சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, உலகம் முழுவதும் 23 கோடி டாலருக்கு மேல் குவித்த அந்தப் படத்துக்குப் பிறகு இதே சபதத்தை வைத்து நகல்கள் வரிசை கட்டின. சூப்பர்பேட் எழுதப்பட்டுத் தூசி படிந்து கிடந்த காலமும் ஏறக்குறைய இதுதான்.

எழுதப்பட்ட விதம்

ரோகனும் கோல்ட்பர்க்கும் கனடாவின் வான்கூவர் நகரத்துக்காரர்கள். யூதச் சிறுவர்களுக்குப் பதின்மூன்றாம் வயதில் நடக்கும் பார் மிட்ஸ்வா சடங்குக்கான வகுப்பில்தான் பழக்கம். அதே வயதில் இந்தத் திரைக்கதையை எழுதத் தொடங்கினார்கள். அப்போது பார்த்த பதின்வயதுப் படங்களில் தங்களைப்போலப் பேசும் ஆட்கள் யாருமே இல்லை, நாமே எழுதினால் என்ன என்பதுதான் யோசனை. இரண்டு நாயகர்களுக்கும் தங்கள் பெயரையே, சேத், இவான் என்று வைத்தார்கள். மூன்றாமவனான ஃபோகலின் பெயரும் ஒரு பள்ளித் தோழனிடமிருந்து வந்தது.

பள்ளியில் படிக்கும்போதே ரோகன் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்துவிட்டார். பால் ஃபீக் உருவாக்கி அபடோ தயாரித்த ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ் தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு வேடம் கிடைத்தது. 1999இல் தொடங்கிய அந்தத் தொடர் ஒரே பருவத்தோடு, 18 பகுதிகளோடு நின்றுபோனது. பள்ளியின் ஓரத்தில் நிற்கும் மாணவர்களை உண்மையாகக் காட்டிய அத்தொடரின் நடிகர்களும் எழுத்தாளர்களும் அடுத்த பதினைந்து ஆண்டு அமெரிக்க நகைச்சுவையை ஆண்டார்கள். அபடோவின் அடுத்த தொடரான அன்டிக்ளேர்டில் சில பகுதிகளை இயக்கியவர்தான் மொட்டோலா.

சூப்பர்பேட் கதையை அபடோ விடாமல் தூக்கிக்கொண்டு அலைந்தாலும், ஸ்டுடியோக்கள் பல ஆண்டுகள் தொடவே இல்லை. அபடோ இயக்கிய தி 40 இயர் ஓல்ட் வர்ஜின் 2005இல் ஓடிய பிறகே வழி பிறந்தது. அதற்குள் ரோகனுக்கு வயது ஏறிவிட்டது. தன் பெயர் கொண்ட பாத்திரத்தைத் தானே நடிக்க நினைத்திருந்தவர், அதை ஜோனா ஹில்லுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போலீஸ்காரர் வேடம் போட்டார். ஹில்லும் சின்னப் பையன் அல்ல, இருபதைத் தாண்டியவர். இவானாக நடித்த மைக்கேல் செரா அப்போது உண்மையிலேயே பதின்வயதில் இருந்தார்.

கதை

சேத் தடித்த உடம்பு, தடித்த வாய். இவான் கூச்சக்காரன், ஒரு வாக்கியத்தை மூன்று முறை தொடங்கி நடுவில் விடுபவன். ஃபோகல் இருவருக்கும் ஒட்டு. பள்ளியில் இவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. சமையல் வகுப்பில் ஜோடி இல்லாமல் தனியாக நிற்கும் சேத்துக்கு ஜூல்ஸ் (எம்மா ஸ்டோன்) துணையாக அமைகிறாள். தன் வீட்டுப் பார்ட்டிக்கு அழைக்கவும் செய்கிறாள். சரக்கை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சேத் வீரம் பேசிவிடுகிறான். இவான் தன் பங்குக்கு, தான் விரும்பும் பெக்காவுக்கு (மார்த்தா மெக்ஐசக்) வாக்குக் கொடுத்துவிடுகிறான்.

ஒரு புட்டி வாங்குவது ஏன் இத்தனை பெரிய சாகசமாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு சட்டம் தெரிந்திருக்க வேண்டும். குறைந்தபட்சக் குடி வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்று அமெரிக்க மத்திய அரசு 1984இல் சட்டம் போட்டது. மாநிலங்கள் வழிக்கு வந்தன. பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், ராணுவத்தில் சேரலாம், பீர் மட்டும் வாங்க முடியாது. போலி அடையாள அட்டை என்பது அந்த நாட்டுப் பதின்வயதினரின் தனித் தொழில்நுட்பமானது இப்படித்தான்.

ஃபோகல் கொண்டுவரும் ஓட்டுநர் உரிமத்தில் ஊர் ஹவாய், வயது 25, பெயர் மக்லவின். முதல் பெயர் இல்லை, குடும்பப் பெயர் இல்லை, வெறும் மக்லவின். வண்டி நிறுத்துமிடத்தில் அந்த அட்டையை வாங்கிப் பார்க்கும் இருவரும் அவனைக் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள். அவனோ எல்லோரும் 21 என்று போட்டால் கடைக்காரனுக்குச் சந்தேகம் வராதா என்று நிதானமாக நியாயம் பேசுகிறான். அபத்தமான ஒன்றை முழு நம்பிக்கையோடு தாங்கிப் பிடிப்பவனும், அதைத் தாங்க முடியாத இருவரும் மோதும் இந்தச் சில நிமிடங்களில் ஒரு கொச்சை வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது. படத்தின் ஆகச் சிறந்த நகைச்சுவை இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஃபோகலாக நடித்த கிறிஸ்டோஃபர் மின்ட்ஸ்-பிளாஸ் அதற்கு முன் படத்தில் தலை காட்டாத பள்ளி மாணவர். நடிகர் தேர்வில் அவர் வந்து பேசியதும் ஹில்லுக்கு எரிச்சல் வந்ததாம். கதையில் சேத்துக்கு ஃபோகலைக் கண்டாலே ஆகாது, ஆகவே இவனேதான் வேண்டும் என்று ரோகன் தரப்பு முடிவு செய்தது. படப்பிடிப்பின்போது அவருக்கு வயது 17. படுக்கையறைக் காட்சி எடுத்தபோது விதிப்படி அவருடைய அம்மா அங்கே இருந்தார்.

கடையில் ஃபோகல் பணம் நீட்டும் நேரத்தில் ஒரு திருடன் அவன் முகத்தில் குத்துவிட்டுக் கல்லாவைக் கொள்ளையடிக்கிறான். விசாரிக்க வரும் ஸ்லேட்டர் (பில் ஹேடர்), மைக்கேல்ஸ் (ரோகன்) என்ற இரண்டு போலீஸ்காரர்களும் ‘மக்லவினை’ அப்படியே ஏற்றுக்கொண்டு இரவெல்லாம் ரோந்து வண்டியில் ஏற்றிச் சுற்றுகிறார்கள். குடிக்கிறார்கள், துப்பாக்கியால் சுடுகிறார்கள், கடைசியில் வண்டிக்கே தீ வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் சேத்தும் இவானும் முன்பின் தெரியாத ஒருவனின் காரில் ஏறி, அழையாத வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு, துணி சலவைத் திரவ டப்பாக்களில் பீர் நிரப்பித் தப்புகிறார்கள். இந்த நடுப்பகுதி கொஞ்சம் இழுவை. போலீஸ் கூத்தில் பத்து நிமிடம் வெட்டியிருந்தால் படம் கெட்டிருக்காது.

கதையின் நெஞ்சு இருப்பது அந்த ஓட்டத்துக்கு நடுவே வெடிக்கும் சண்டையில். இவானுக்கும் ஃபோகலுக்கும் டார்ட்மத் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, சேத்துக்குக் கிடைக்கவில்லை. அங்கே இருவரும் ஒரே அறையில் தங்கப்போவதை இவான் மறைத்துவைத்திருந்தது சேத்துக்குத் தெரிந்துபோகிறது. இத்தனை நேரம் சரக்கைத் தேடி ஓடிய ஓட்டத்துக்குப் பொருள் அங்கேதான் விளங்குகிறது.

பார்ட்டியில் இருவர் கனவும் பலிப்பதில்லை. குடித்து நிலைதடுமாறும் பெக்கா நெருங்கி வர, இவான் விலகுகிறான். ஜூல்ஸ் குடிப்பதே இல்லை என்று அப்போதுதான் சேத் அறிகிறான். போதையில் அவள் மேலேயே சரிந்து முகத்தைக் காயப்படுத்துகிறான். போலீஸ் வரும்போது மயங்கிக் கிடக்கும் இவானைக் கைகளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். அன்றிரவு தரையில் படுக்கைப் பைகளுக்குள் முடங்கிக் கிடந்தபடி, ஒருவன்மேல் மற்றவனுக்கு எத்தனை அன்பு என்று கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறார்கள். சேத் இவானின் மூக்கு நுனியை விரலால் தொடுகிறான். விடிந்ததும் எதுவும் நடக்காததுபோல முகத்தைப் பார்க்கக் கூசுகிறார்கள். அன்றே கடைவளாகத்தில் ஜூல்ஸும் பெக்காவும் எதிர்ப்பட, சேத் ஜூல்ஸோடு நகரும் படியில் கீழே இறங்குகிறான், இவான் மேலே நிற்கிறான். ஆசைப்பட்டது கைகூடப்போகும் நேரத்தில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

இசையும் காலமும்

2007இல் நடக்கும் கதைக்கு 1970களின் ஃபங்க் இசையைப் போட்டது வினோதமான முடிவு, ஆனால் பொருந்திவிட்டது. லைல் வொர்க்மன் இசையமைப்பில் பூட்ஸி காலின்ஸ், பெர்னி வொரெல், கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு போன்ற மூத்த ஃபங்க் கலைஞர்களே வாசித்தார்கள். ஹில்லும் செராவும் நிழலுருவாக ஆடும் தொடக்கக் காட்சி தனியாகவே புகழ்பெற்றது. ஐஃபோன் விற்பனைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் வெளியான படம் இது. கையில் மடக்கும் போன். வழி தெரியாமல் அலைவதும் நண்பன் எங்கே என்று தெரியாமல் தவிப்பதும் அன்று இயல்பாக நடந்தன. இன்று இதே கதையை எழுதினால் முதல் காரியமாக எல்லோருடைய போனையும் தொலைக்க வேண்டும்.

குறைகள்

பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. ஜூல்ஸும் பெக்காவும் பையன்களைவிடத் தெளிவானவர்கள் என்று படம் காட்டினாலும் அவர்கள் தமக்குள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று அது யோசிப்பதே இல்லை. ஒரு பெண்ணின் மாதவிடாய்க் கறையை வைத்து அருவருப்புச் சிரிப்பு மூட்டும் காட்சி இன்று பார்க்கையில் கூசுகிறது. பெண்ணைக் குடிக்கவைத்தால் காரியம் நடக்கும் என்ற சேத்தின் கணக்கைக் கதை கடைசியில் தோற்கடிக்கிறது என்பது உண்மைதான். அதற்கு முன் ஒரு மணி நேரம் அதை வைத்தே சிரிக்கவும் வைக்கிறது. ஓரினச் சேர்க்கையாளரை இழிவுபடுத்தும் வசனங்கள் இருப்பதை ரோகனே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வசூலும் வாரிசுகளும்

சுமார் 2 கோடி டாலர் செலவில் உருவான படம், முதல் வார இறுதியில் மட்டும் அமெரிக்காவில் 3 கோடியே 30 லட்சம் டாலர் ஈட்டியது. உலக வசூல் ஏறத்தாழ 17 கோடி டாலர். விமர்சகர்களும் பெரும்பாலும் பாராட்டினார்கள். எம்மா ஸ்டோனுக்கு இதுவே முதல் திரைப்படம். பிற்பாடு சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் விருதை இரண்டு முறை வாங்கினார். ஹில்லின் பெயர் மணிபால், தி உல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட் படங்களுக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது. மொட்டோலா 2009இல் அட்வென்ச்சர்லாண்டை எடுத்தார். அது இதைவிட அமைதியான, ஒருவகையில் இதைவிட முதிர்ந்த படம்.

பெண்களுக்கும் இந்த வாய்க்கொழுப்பு உண்டு என்பதைப் பால் ஃபீக் இயக்கிய பிரைட்ஸ்மெய்ட்ஸ் 2011இல் வசூலோடு நிரூபித்தது. ரோகனும் கோல்ட்பர்க்கும் தாங்கள் படித்த பள்ளியின் பெயரிலேயே பாயின்ட் கிரே என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் தயாரிப்பில் கே கேனன் இயக்கிய பிளாக்கர்ஸ் (2018), சபதம் போடும் வேலையை மூன்று மகள்களிடமும் பதறும் வேலையைப் பெற்றோரிடமும் கொடுத்தது. அந்த மகள்களில் ஒருவராக வந்த ஜெரால்டின் விஸ்வநாதன், தந்தை வழியில் தமிழ்ப் பூர்வீகம் கொண்ட ஆஸ்திரேலியர். அடுத்த ஆண்டு ஒலிவியா வைல்டு இயக்கிய புக்ஸ்மார்ட்டில், படிப்பே கதியென்று கிடந்த இரண்டு தோழிகள் கடைசி இரவில் விட்டதைப் பிடிக்கக் கிளம்புகிறார்கள். சூப்பர்பேடின் நேர் வாரிசு என்று அதைச் சொல்லலாம், ரத்த உறவிலும்கூட. இரு நாயகியரில் ஒருவரான பீனி ஃபெல்ட்ஸ்டீன், ஜோனா ஹில்லின் தங்கை. அதே 2019இல் பாயின்ட் கிரே தயாரித்த குட் பாய்ஸ் பன்னிரண்டு வயதுப் பையன்களைப் பற்றியது. ‘ஆர்’ சான்று பெற்றதால் நடித்த சிறுவர்களே தங்கள் படத்தைப் பார்க்க முடியாதே என்பதை வைத்தே அதற்கு விளம்பரமும் செய்தார்கள்.

இவ்வளவு ஓடிய படத்துக்கு இரண்டாம் பாகம் கேட்காத ஆள் இல்லை. அபடோவுக்கு அந்த ஆசை இருந்தது. ரோகன் தரப்பு மறுத்துவிட்டது. இன்றுவரை இரண்டாம் பாகம் எடுக்கப்படவில்லை.