காது ஓட்டைக்குள்ள போற உலோகம்

இந்த எபிசோடு என் காதுல ஆரம்பிக்குது. ரெண்டு வருஷம் முன்னாடி காது மடல்ல ரெண்டாவது ஓட்டை போட்டுக்கிட்டேன். துப்பாக்கி மாதிரி ஒரு கருவி, ஒரே க்ளிக். "சர்ஜிக்கல் ஸ்டீல், ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னாங்க. பத்தாவது நாள் மடல் சிவந்து, அரிச்சு, நீர் வடிய ஆரம்பிச்சுது.

எங்க அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஒரு இரும்பு ரோலிங் மில்லுல வேலை பார்த்தவர். கழட்டின கம்மலை உள்ளங்கையில வெச்சுப் பார்த்துட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "என்ன கிரேடும்மா இது?" எனக்குத் தெரியல. "கட்டடக் கம்பிக்கு நாங்க ஒவ்வொரு ஹீட்டுக்கும் சாம்பிள் எடுத்து, என்னென்ன எத்தனை சதவீதம்னு பார்த்துத்தான் வெளிய அனுப்புவோம். உடம்புக்குள்ள போறதுக்கு யாரும் பார்க்கலையா?" அரத்தை எடுத்து ரெண்டு தேய் தேய்ச்சார். உள்ளே மஞ்சளா பித்தளை. பித்தளை மேல பளபளப்புக்கு நிக்கல் பூசுறது முலாம் வேலையில சகஜம். முதுகுல ரெண்டு நாள் ஒட்டி வைக்கிற பேட்ச் டெஸ்ட் எடுத்தாங்க. நிக்கல் அலர்ஜின்னு வந்துச்சு.

அப்போதான் எங்க ஆயா சொன்னது ஞாபகம் வந்துச்சு. எங்க திருவள்ளூர் பக்கத்துல நிறைய குடும்பங்களுக்கு மொட்டையும் காதுகுத்தும் திருத்தணியிலதான். தாய்மாமன் மடியில உட்கார வெச்சு, பத்தர் மெல்லிசான தங்கக் கம்பியோட முனையைக் கூராக்கி, அதாலேயே குத்தி, அப்படியே வளைச்சு முறுக்கி விட்டுடுவாராம். இதை ஒரு இன்ஜினியரா யோசிச்சுப் பாருங்க. ஊசியே நகை. ஒரு குழந்தையைக் குத்தினது இன்னொரு குழந்தைக்குப் போகாது. நல்ல தங்கம் வியர்வையில கரையாது. கிருமின்னா என்னன்னு தெரியாத காலத்திலேயே அந்த முறைக்குள்ள ரெண்டு பாதுகாப்பு இருந்திருக்கு. தங்கத்துக்கு வழியில்லாத வீட்டுல வேப்பங்குச்சியோ தொடப்பக்குச்சியோதான். அதுல அழுக்கு சேரலாம், ஆனா நிக்கல் கிடையாது.

சுஸ்ருத சம்ஹிதையில காதுகுத்துக்குன்னே ஒரு பகுதி இருக்கு. மடல்ல சூரிய வெளிச்சம் ஊடுருவித் தெரியுற இடமாப் பார்த்துக் குத்தணும், அப்புறம் பஞ்சுத் திரியைப் போட்டு எண்ணெய் விடணும், மூணு நாளைக்கு ஒருதரம் கொஞ்சம் பெரிய திரியா மாத்தணும்னு சொல்லுது. அறுந்த மடலை ஒட்டுறதுக்குப் பதினைந்து விதங்களும் அதே பகுதியில வருது. அப்படின்னா அந்தக் காலத்திலேயே காது நிறைய அறுந்திருக்கு!

தெற்கே போனா இது இன்னும் பெரிசு. மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கம் பெண் குழந்தைகளுக்குக் காதைக் குத்தி, பஞ்சு வெச்சு, அப்புறம் 'குணுக்கு'ன்னு சொல்ற ஈய வளையத்தைத் தொங்கவிட்டு மடலைத் தோள் வரைக்கும் வளர்த்தாங்க. ஈயம்! ஆறாத புண்ணுல நச்சு உலோகம். அதைத் தாண்டி வந்தபிறகுதான் தண்டட்டியும் பாம்படமும். பாம்படம் பார்க்கத்தான் கனம், பலதுக்கும் உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. பின்னாடி பள்ளிக்கூடம், பட்டணம்னு வாழ்க்கை மாறினதும் அதே பெண்கள் தொங்குற மடலை அறுத்துத் தைச்சுச் சின்னத் தோடு போட்டுக்கிட்டாங்க. ஒரே தலைமுறையில காதை வளர்த்து, அறுத்ததும் நடந்திருக்கு.

நாம பெருமையா சொல்ற "சுத்தத் தங்கம்" எப்பவும் சுத்தமா இருந்ததில்ல. 1963 ஜனவரியில தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தப்ப, புதுசா செய்யுற நகை 14 காரட்டுக்கு மேல இருக்கக்கூடாதுன்னாங்க. மொரார்ஜி தேசாய் நிதியமைச்சரா இருந்த காலம். ஏகப்பட்ட பொற்கொல்லர்களுக்குப் பிழைப்பே போச்சு. காரட் தடை சில வருஷத்துல தளர்ந்தாலும், கட்டுப்பாட்டுச் சட்டம் முழுசா போனது 1990-லதான். அப்புறம் கே.டி.எம். விளம்பரத்துல கேட்டிருப்பீங்க, அது காட்மியம். பத்த வைக்கிற பொடியில காட்மியம் சேர்த்தா தங்கத்தோட மாத்து குறையாது. ஆனா காட்மியம் 767 டிகிரியில கொதிச்சு ஆவியாகும், தங்கம் உருகவே 1064 டிகிரி வேணும். அந்த ஆவி முழுக்க ஊதுகுழலோட உட்கார்ந்திருந்தவர் நுரையீரலுக்குள்ளதான் போச்சு. நகை போட்டவங்களைவிட செஞ்சவங்களுக்குத்தான் ஆபத்து, அதைப் பத்தி யாரும் விளம்பரம் போடல.

நிக்கலுக்கு வருவோம். வியர்வையில இருக்கிற உப்பு நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும். ஆறாத ஓட்டையில தோலோட தடுப்பு இல்லாததால அது நேரா உள்ளே போகுது. உடம்பு ஒருதடவை அதை எதிரின்னு பதிச்சுக்கிட்டா பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. அப்புறம் வாட்ச் பக்கிள், ஜீன்ஸ் பட்டன் எல்லாமே பிரச்சினைதான். டென்மார்க் 1990-ல நிக்கல் கசிவுக்கு வரம்பு போட்டுச்சு. 1994-ல ஐரோப்பிய ஒன்றியமும் போட்டுச்சு. குத்தின ஓட்டைக்குள்ள போற பொருள்ல இருந்து வாரத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, 0.2 மைக்ரோகிராமுக்கு மேல நிக்கல் கசியக்கூடாதுன்னு 2004-ல திருத்தினாங்க. டென்மார்க்ல சட்டத்துக்கு அப்புறம் காது குத்தின பெண்கள்கிட்ட அலர்ஜி குறைஞ்சதை ஆய்வுகளே காட்டுச்சு.

நம்ம ஊருல ஹால்மார்க் 2000-ல வந்துச்சு, 2021 ஜூன் 16 முதல் கட்டாயம்னு ஆச்சு. அது தங்கம் எவ்வளவுன்னு சொல்லும். 916-ன்னா ஆயிரத்துல 916 பங்கு. மீதி 84 பங்கு என்னன்னு அந்த முத்திரை சொல்லாது. இன்னொண்ணு, இதைப் படிச்சப்போ நான் ஆடிப்போயிட்டேன்: ரெண்டு கிராமுக்குக் குறைவான நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்ல. கைக்குழந்தைக்குப் போடுற கம்மல் எவ்வளவு இருக்கும்? பெரும்பாலும் அதுக்கும் கீழதான்.

அதனால புது ஓட்டைக்குக் கடையில என்ன கேக்கணும்? டைட்டானியம்னா ஏ.எஸ்.டி.எம். எஃப்-136 கிரேடு கேளுங்க. தங்கம்னா மஞ்சள் தங்கம், சின்னதா இருந்தாலும் ஹால்மார்க் போட்டதா கேளுங்க. வெள்ளைத் தங்கத்துல நிக்கல் கலந்திருக்கலாம், ஆறுற வரைக்கும் வேண்டாம். "சர்ஜிக்கல் ஸ்டீல்"னு சொன்னா அப்பா மாதிரி கிரேடு கேளுங்க. 316எல்-லயே 10-லிருந்து 14 சதவீதம் நிக்கல் இருக்கு. மேல இருக்கிற குரோமியம் ஆக்சைடு படலம் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும், ஆனா ஏற்கெனவே அலர்ஜி இருக்கிறவங்க அதை நம்ப வேண்டாம். கவரிங் ஆறினதுக்கு அப்புறம்கூட எனக்கு ஆகாது.

குருத்தெலும்புல துப்பாக்கி வேண்டவே வேண்டாம். 2000-ல அமெரிக்காவோட ஓரிகான்ல ஒரு நகைக் கடையில மேல்காது குத்தினவங்களுக்கு சூடோமோனாஸ் கிருமி பரவி, சிலருக்குக் காதோட வடிவமே கெட்டுப்போச்சு. பிரிக்காத பாக்கெட்ல இருந்து எடுக்கிற புது ஊசியாலதான் குத்தணும். மடல் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம், குருத்தெலும்புக்கு ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம். தினம் ரெண்டு வேளை ஸ்டெரைல் சலைன் போதும். திருகாதீங்க. மஞ்சளும் தேங்காயெண்ணெயும், ஆயா மன்னிக்கணும், வேண்டாம். மில்லுல வேலை பார்க்கிறவங்க தூசியும் வியர்வையுமா வந்ததும் முதல்ல கையைக் கழுவிட்டு அப்புறம் காதைத் தொடுங்க. சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ கம்மலை நீங்களா கழட்டாம டாக்டர்கிட்ட போங்க. ஓட்டை மூடிக்கிட்டா சீழ் உள்ளேயே தங்கிடும்.

அடுத்த மாசம் திருத்தணியில அண்ணன் பொண்ணுக்குக் காதுகுத்து. கம்மல் 1.2 கிராம். அப்பா நகைக்கடையில நின்னு, "கட்டாயம் இல்லைன்னா என்ன, போட்டுக் குடுங்க"ன்னு ஹால்மார்க் கேட்டு வாங்கிட்டார். ஊசியை நான் வாங்கி வெச்சிருக்கேன்.