கையை எடுக்கலாம்... கண்ணை எடுக்கலாமா?



பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பவர். "டேய், ஏரியை மேலேயிருந்து எடுக்கலாம் வா" என்று ட்ரோனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ட்ரோன் கம்பெனி கொடுத்த ஆப் போதவில்லை என்று வேறு யாரோ எழுதிய ஆப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தார். மேப்பில் விரலால் புள்ளி புள்ளியாக வைத்து, உயரம் 15 மீட்டர் என்று போட்டு, ஸ்டார்ட் அழுத்தினார். ட்ரோன் தானாகவே எழும்பிப் போனது. ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம்.

நாங்கள் நின்றது ஏரிக்குக் கீழே வயலில். கரை வயலைவிட உயரம். கரை மேல் பனை மரங்கள். ட்ரோன் நேராகப் பனங்கொண்டையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. "அண்ணே, மரம்..." என்றேன். "அது பாத்துக்கும்டா" என்றார். அடுத்த நொடி அவருக்கே சந்தேகம் வந்து ரிமோட்டில் இருந்த சுவிட்சைத் தட்டினார். மரத்துக்கு நாலு முழம் முன்னால் நின்றது. அந்தப் பனைக்குக் கீழே ஒரு பாட்டி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாமல் மறுபடி ஆடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. "அது பாத்துக்கும்" என்ற இந்த நம்பிக்கை எப்போது ஆரம்பித்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நூறு வருஷத்துக்கு மேல் பின்னால் போக வேண்டியிருந்தது!

பாரிஸில் ஒரு வித்தை

1914 ஜூன் 18. பாரிஸ் அருகே பெசோன் என்ற ஊர், சீன் நதிக்கரை. விமானங்களைப் பாதுகாப்பாக்க யார் நல்ல வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று ஒரு போட்டி. அந்தக் காலத்தில் விமானி ஒரு நிமிஷம் கவனம் தவறினாலும் விமானம் சாய்ந்து விழுந்துவிடும். போட்டிக்கு வந்தவர்களில் ஒருவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி, அமெரிக்கர், வயது 21. இவருடைய அப்பா எல்மர் ஸ்பெர்ரி கப்பல்களுக்குக் கைரோஸ்கோப் கருவிகள் செய்தவர்.

கைரோஸ்கோப் என்றால் பயப்பட வேண்டாம், நம்ம பம்பரம்தான். வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் அச்சை விட்டு லேசில் சாயாது. விமானம் சாய்ந்தால், சாயாமல் நிற்கும் பம்பரத்துக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு கோணம் உண்டாகும். அந்தக் கோணத்தை வைத்து இறக்கைத் தட்டுகளைத் தானாகத் திருப்பிவிடலாம். ஆட்டோபைலட்டின் அடிப்படை இவ்வளவுதான்.

கரையில் கூட்டம். லாரன்ஸ் தன் கர்டிஸ் கடல் விமானத்தில் தாழப் பறந்து வந்து இரண்டு கைகளையும் மேலே தூக்கிக் காட்டினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. அடுத்த சுற்றில் அவருடைய மெக்கானிக் எமில் காஷான் இறக்கை மேல் ஏறி நடந்தார். விமானம் சாயப் பார்த்து, தன்னையே சரி செய்துகொண்டது. மூன்றாவது சுற்றில் லாரன்ஸும் இருக்கையை விட்டு எழுந்து இன்னொரு இறக்கைக்குப் போய்விட்டார். ஓட்டுபவர் இடம் காலி! பரிசு 50,000 ஃப்ராங்க் அவருக்குத்தான்.

இதை வாசித்தபோது எனக்குப் பட்டது வேறு விஷயம். லாரன்ஸ் கையைத்தான் எடுத்தார். அவர் உட்பட அந்த விமானத்தில் இருந்த இரண்டு பேருக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று அணு அணுவாகத் தெரியும். தப்பானால் முதலில் போவது அவர்கள் உயிர்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கூட்டாளிக்குப் பதில் கருவி

1931-இல் வைலி போஸ்ட் என்ற விமானி, ஹரால்ட் கேட்டி என்ற வழிகாட்டியுடன் உலகத்தை எட்டரை நாட்களில் சுற்றி வந்தார். 1933 ஜூலையில் அதே வின்னி மே விமானத்தில் தனியாகவே சுற்றினார். 7 நாள், 18 மணி, 49 நிமிஷம். இந்தமுறை கேட்டிக்குப் பதில் ஸ்பெர்ரி ஆட்டோபைலட்.

ஆனால் அந்தக் கருவி வழியில் மக்கர் பண்ணியது. போஸ்ட் நினைக்காத இடங்களில் இறங்கி அதைப் பழுது பார்க்க வேண்டியிருந்தது. கருவி ஓட்டும்போதுகூடத் தூங்கிவிடக் கூடாது என்று ஒரு ஸ்பேனரைக் கயிற்றில் கட்டி விரலோடு முடிந்து வைத்திருந்தார் என்று சொல்வார்கள். கண் அசந்தால் ஸ்பேனர் விழும், விரல் சுண்டும், விழிப்பு வரும். கருவியை நம்பினார், ஆனால் அதை மேய்க்கத் தன்னையும் ஒரு கயிற்றால் கட்டி வைத்தார். அருமையான ஏற்பாடு!

1947 செப்டம்பரில் அமெரிக்க விமானப்படையின் சி-54 விமானம் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து இங்கிலாந்து வரை அட்லாண்டிக்கைத் தாண்டியது. ஏறியது, பறந்தது, இறங்கியது எல்லாமே தானியங்கி. ஆட்கள் உள்ளே இருந்தார்கள், கட்டுப்பாட்டுக் கருவிகளைத் தொடவில்லை. வழித்திட்டத்தை முன்கூட்டியே போட்டுவிட்டுப் பறக்கவிடும் அண்ணனின் ஆப்புக்குத் தாத்தா என்று இதைச் சொல்லலாம் :-)

ஒரு பல்பும் 101 உயிரும்

1972 டிசம்பர் 29 ராத்திரி. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401, நியூயார்க்கிலிருந்து மயாமி. அந்த வருஷம்தான் வாங்கிய புது ட்ரைஸ்டார் விமானம். உள்ளே 176 பேர். இறங்கும்போது முன் சக்கரம் சரியாக வெளியே வந்ததைக் காட்டும் விளக்கு எரியவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று 2000 அடியில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு, விமானிகள் எல்லோரும் அந்த விளக்கோடு மல்லுக்கட்டினார்கள்.

நடுவில் யாரோ ஸ்டியரிங் தண்டை லேசாக அழுத்திவிட்டார்கள். உயரத்தைப் பிடித்து வைக்கும் மோட் மட்டும் கழன்றுகொண்டது. ஆட்டோபைலட் முழுசாக அணையவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. விமானம் மெள்ள மெள்ள இறங்கியது. எச்சரிக்கை மணி ஒரு தடவை ஒலித்தது, யார் காதிலும் ஏறவில்லை. இருட்டில் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். விசாரணையில் தெரிந்தது: சக்கரம் சரியாகத்தான் வெளியே வந்திருந்தது. பல்புதான் ஃபியூஸ்.

இன்னொன்று 1994 மார்ச் 23. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃப்ளோட் 593. ஆட்டோபைலட் ஓட்டுகிறதே என்று கேப்டன் தன் பதின்வயது மகனைத் தன் சீட்டில் உட்கார வைத்தார். பையன் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்துக்கொண்டே இருந்ததில், பக்கவாட்டுச் சாய்வைப் பார்த்துக்கொள்ளும் பகுதி மட்டும் விலகிவிட்டது. சத்தம் எதுவும் வரவில்லை, ஒரு சின்ன விளக்கு மட்டும். பெரியவர்கள் கவனிப்பதற்குள் விமானம் கைமீறிவிட்டது. சைபீரியாவில் விழுந்து 75 பேரும் பலி.

இரண்டு விபத்திலும் மனிதன் மனசில் ஒரு மோட், கருவியில் வேறொரு மோட். இடைவெளி அவ்வளவுதான்.

வானத்திலிருந்து சட்டைப் பைக்கு

2000 மே மாதம் அமெரிக்கா, பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நிறுத்தியது. அதுவரை நூறு மீட்டர் தப்பாகக் காட்டக்கூடிய கருவி, நம் தெருவையே காட்ட ஆரம்பித்தது. ஸ்பெர்ரியின் பம்பரம் செல்போன் சிப்புக்குள் அடங்கும் அளவுக்குச் சுருங்கியது. 2007-இல் கிறிஸ் ஆண்டர்சன் வீட்டிலேயே ட்ரோன் செய்கிறவர்களை ஒன்று சேர்த்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆர்டுபைலட் மென்பொருள். 2013-இல் டிஜெஐ ஃபேன்டம் கடைக்கு வந்தது. 2014-இல் அந்தக் கம்பெனி தன் ட்ரோனை வெளியார் ஆப்பிலிருந்து இயக்க வழி திறந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் லிட்சி மாதிரியான மூன்றாம் தரப்பு ஆப்கள் பெருகின.

இங்கேதான் நான் திகைத்துப்போனேன். ஃபேன்டம் 4, மேவிக் ப்ரோ போன்ற பழைய மாடல்களில் வழித்திட்டம் முழுவதும் ட்ரோனுக்குள்ளேயே ஏறிவிடும். நடுவில் போன் செத்துப்போனாலும் அது பாட்டுக்குப் போகும். மினி 2, ஏர் 2எஸ் போன்றவற்றில் அந்த வசதி வெளியாருக்குக் கிடையாது. அதனால் ஆப், ரிமோட் குச்சிகளை யாரோ அசைப்பது போல நொடிக்கு நொடி கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கும். தொடர்பு அறுந்தால் வழித்திட்டம் அங்கேயே முடிந்தது. ட்ரோன் தன் அவசர ஏற்பாட்டுக்கு, பெரும்பாலும் வீடு திரும்பும் மோடுக்கு, மாறிவிடும்.

திரையில் அதே மேப், அதே ஸ்டார்ட் பட்டன். சிக்னல் போனால் ஒன்று முன்னே போகிறது, இன்னொன்று திரும்பி வருகிறது! நம்முடையது எது என்று தெரியாமல் அழுத்தினால் 401-இன் கதைதான்.

வீடு திரும்பாத ட்ரோன்

2017 செப்டம்பர் 21 மாலை. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு அருகே ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் சுமார் 300 அடி உயரத்தில் பறக்கிறது. 'டக்' என்று ஒரு மோதல். தரையிறங்கிப் பார்த்தால் சுழலும் இறக்கையில் ஒன்றரை அங்குலப் பள்ளம், கூடவே ஒரு ஃபேன்டம் 4-இன் மோட்டார்.

அந்த ட்ரோனை ஓட்டியவர் இரண்டரை மைல் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத தூரம். வீடு திரும்பும் பட்டனை அழுத்தியிருந்தார். ட்ரோன் தானாகத் திரும்பி வந்துகொண்டிருந்தபோதுதான் மோதல். சிக்னல் போனதும் கடலில் விழுந்திருக்கும் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விட்டார். விசாரணை அதிகாரிகள் மோட்டார் எண்ணை வைத்துத் தேடி வந்து சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் தெரியும்! அன்று அங்கே பறக்கத் தற்காலிகத் தடை இருந்தது. ஆப் சொல்லும் என்று நம்பியிருந்தார். ஆப் சொல்லவில்லை. இத்தனைக்கும் அது கம்பெனியின் சொந்த ஆப்.

லாரன்ஸ் ஞாபகம் வருகிறதா? அவர் விமானத்துக்குள் இருந்தார். இவர் இரண்டரை மைல் தள்ளி. ஆபத்து முழுவதும் வேறு யார் தலை மேலோ.

அப்படியானால் என்ன செய்வது?

பி.காம் முதல் வருஷம் மேலாண்மைக் கோட்பாடுகள் பேப்பரில் ஒரு வரி மனப்பாடம் செய்தேன். அதிகாரத்தை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது. ஐந்து மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனேன். ஏரிக்கரையில்தான் அர்த்தம் புரிந்தது. தானாகப் பறக்கவிடும் முன் நானும் அண்ணனும் இப்போது பார்ப்பவை இவை:

1. வழித்திட்டம் எங்கே இருக்கிறது, ட்ரோனிலா போனிலா? சிக்னல் போனால் என்ன செய்யும்? நம் மாடலுக்கு என்ன பதில் என்று தெரியாமல் ஸ்டார்ட் இல்லை.

2. ஆப்பில் போடும் உயரம் பொதுவாகக் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கு, கீழே உள்ள தரையிலிருந்து அல்ல. மேடு, கரை, மரம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எங்கள் 15 மீட்டர் தப்பு இதுதான்.

3. வீடு திரும்பும் உயரம் அக்கம்பக்கத்தில் உள்ள உயரமான மரம், டவரைவிட அதிகமாக இருக்க வேண்டும். 'வீடு' எந்த இடம் என்று ஜிபிஎஸ் பதிந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

4. கட்டுப்பாட்டைத் திரும்ப வாங்கும் சுவிட்ச் எது? ஆளில்லாத மைதானத்தில் இரண்டு மூன்று தடவை தட்டிப் பழக வேண்டும். அண்ணன் விரல் தானாகப் போனதால்தான் அன்று தப்பித்தோம்.

5. கம்பெனி ஆப்பை முழுசாக மூடிவிட்டு மற்ற ஆப்பைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒரே ட்ரோனுக்குப் போட்டி போட்டால் குழப்பம். அப்டேட் வந்த அன்றே வேலைக்கு எடுத்துப் போகக் கூடாது.

6. போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளினால், வரும்போது எதிர்க்காற்று. பேட்டரிக் கணக்கு அதற்கும் சேர்த்து.

7. கண்ணுக்குத் தெரியும் தூரம் மட்டும். கீழே ஆள் இருந்தால் பறக்க வேண்டாம்.

மறுநாள் காலையில் மறுபடி போனோம். கரை மேலேயே நின்று, உயரம் கூட்டிப் போட்டோம். அதே பாட்டி ஆடுகளோடு வந்தார். அண்ணன் ட்ரோனை இறக்கிவிட்டு, அவர் கடந்து போகும்வரை காத்திருந்தார். "என்னப்பா, இன்னைக்குப் பறக்கலையா அது?" என்று கேட்டுவிட்டுப் போனார் பாட்டி.

பறந்தது. இந்தமுறை அண்ணன் கட்டைவிரல் சுவிட்ச் மேலேயே இருந்தது. நான் மரங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வீட்டிலும் "அது பாத்துக்கும்" என்று சொல்லும் அண்ணன் யாராவது இருந்தால் இதைக் காட்டுங்கள்!