மேடையில் சொன்ன ஒரு வாக்கியமும் அதற்கான தண்டனையும்

காஸாவுக்காகப் பேசிய நடிகைக்குப் பட வாய்ப்பு பறிபோனது என்ற செய்தியை 2023 நவம்பரில் நம்மில் பலரும் படித்திருப்போம். மெலிசா பரேரா என்ற அந்த இளம் நடிகையை 'ஸ்க்ரீம்' படவரிசையின் அடுத்த பாகத்திலிருந்து தயாரிப்பு நிறுவனம் நீக்கியது. அதே வாரத்தில், ஆஸ்கர் விருது பெற்ற மூத்த நடிகை சூசன் சரண்டனையும் அவருடைய ஏஜென்சி கைவிட்டது. நியூயார்க்கில் நடந்த பாலஸ்தீன ஆதரவுப் பேரணி மேடையில் அவர் பேசிய பேச்சுதான் காரணம். பேச்சில் ஒரு வாசகம் தவறாக அமைந்துவிட்டது என்று அவர் பிறகு வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்பே ஏஜென்சி விலகிவிட்டது.

கலைஞர் ஒருவர் மேடையில் அரசியல் பேசுவதும், மக்கள் கொதித்தெழுந்துவிட்டார்கள் என்று செய்தி வருவதும் புதிதல்ல. ஆனால் கொதித்தெழுந்தது யார், தண்டித்தது யார் என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு. அப்படிப் பிரித்துப் பார்க்க, ஆரம்பம் முதல் கடைசி வரை நன்றாகப் பதிவாகியிருக்கும் ஒரு நிகழ்வு உண்டு. அது ஈராக் போரோடு சம்பந்தப்பட்டது என்பதால் நமக்கு அந்நியமானதும் அல்ல. (இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்க விவாதம் வேறு. இங்கே நாம் அதற்குள் போகவில்லை.)

லண்டனில் ஓர் இரவு

2003 மார்ச் 10. ஈராக் மீது அமெரிக்கா படையெடுக்க இன்னும் பத்து நாள்தான் இருந்தது. லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் 'டிக்ஸி சிக்ஸ்' என்ற மூன்று பெண்கள் குழுவின் நிகழ்ச்சி. அமெரிக்கத் தென்மாநிலங்களின் கிராமப்புற வெள்ளையர்கள் தங்கள் சொந்த இசையாகக் கருதுவது 'கண்ட்ரி' இசை. அந்த இசையில் அன்று இவர்கள்தான் முதலிடம். இவர்களுடைய இரண்டு ஆல்பங்கள் அமெரிக்காவில் தலா ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியிருந்தன. அதே ஆண்டு ஜனவரியில் சூப்பர் பவுல் விளையாட்டரங்கில் தேசிய கீதம் பாடியவர்களும் இவர்கள்தான். இடதுசாரிகள் என்றோ கலகக்காரர்கள் என்றோ யாரும் இவர்களைச் சொன்னதில்லை.

போருக்குப் போகும் ஒரு சிப்பாயைப் பற்றிய பாடலைத் தொடங்கும் முன், முன்னணிப் பாடகி நடாலி மெய்ன்ஸ் போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். இந்தப் போரும் வன்முறையும் தங்களுக்கு வேண்டாம், அமெரிக்க அதிபர் தங்கள் டெக்ஸாஸ் மாநிலத்துக்காரர் என்பதில் வெட்கப்படுகிறோம் என்றார். அவ்வளவுதான். அரங்கம் கைதட்டியது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் லண்டன் வீதிகளில் போருக்கு எதிராக லட்சக்கணக்கானோர் திரண்டிருந்தார்கள். அந்த ஊரில் அந்தப் பேச்சு யாரையும் அதிர வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து 'கார்டியன்' நாளிதழின் நிகழ்ச்சி விமர்சனத்தில் அந்த வாசகம் வெளியானது. அங்கிருந்து அது அட்லாண்டிக் கடலைத் தாண்டியது. படையெடுப்பு தொடங்கிய வாரத்தில் அமெரிக்கர்களில் பத்தில் ஏழு பேர் போரை ஆதரித்தார்கள் என்று கேலப் கருத்துக்கணிப்பு சொல்கிறது. அந்த மனநிலையில் இருந்த நாட்டுக்குள் இந்த வாசகம் போய் விழுந்தது.

வானொலி நிலையங்களுக்குத் தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. அவர்களின் பாடல் அப்போது கண்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. சில வாரங்களில் அது பட்டியலிலிருந்தே காணாமல் போனது. ஒரு நிலையம் குப்பைத் தொட்டியை வைத்து, குறுந்தகடுகளைக் கொண்டுவந்து போடச் சொன்னது. லூசியானா மாநிலத்தில் அவற்றை டிராக்டர் ஏற்றி நொறுக்கினார்கள். தென் கரோலினா சட்டமன்றமோ, மன்னிப்புக் கேட்டு ராணுவத்தினருக்கு இலவசமாக ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று தீர்மானமே போட்டது! டோபி கீத் என்ற பாடகர் தன் நிகழ்ச்சிகளில், நடாலி மெய்ன்ஸும் சதாம் ஹுசைனும் அருகருகே நிற்பதுபோல் ஒட்டுவேலை செய்த படத்தைப் பின்திரையில் காட்டினார்.

நடாலி மார்ச் 14 அன்று, அதிபர் பதவியை அவமதிக்கும்படி பேசியதற்காக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த அறிக்கையிலும் அவர் போருக்குத் தலையாட்டவில்லை. குழந்தைகளும் அமெரிக்கச் சிப்பாய்களும் சாவதற்கு முன் மற்ற எல்லா வழிகளையும் முயன்று பார்க்க வேண்டும், ஒரு தாயாக அதுவே தன் விருப்பம் என்றார். மூன்று ஆண்டுகள் கழித்து அந்த மன்னிப்பையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கதவைச் சாத்தியது யார்?

ரசிகர்கள் கோபப்பட்டது உண்மைதான். அது அவர்களின் உரிமையும்கூட. பிடிக்காதவரின் பாட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதிபர் புஷ்ஷும் அந்த ஏப்ரலில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதையே சொன்னார். பேச அவர்களுக்குச் சுதந்திரம் உண்டு, வாங்காமலிருக்க மக்களுக்கும் சுதந்திரம் உண்டு என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது.

ஆனால் நடந்தது அது மட்டும் அல்ல. 1996-ல் அமெரிக்கா நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே நிறுவனம் நாடு முழுவதும் எத்தனை வானொலி நிலையங்கள் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை நீக்கிவிட்டது. அதன்பிறகு 'கிளியர் சானல்' என்ற ஒரே நிறுவனத்தின் கைக்கு 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் போயின. 'கியூமுலஸ் மீடியா' என்பது இன்னொரு பெரிய சங்கிலி. அதன் தலைமையகம் எடுத்த ஒரே முடிவால், அதன் சுமார் 40 கண்ட்ரி நிலையங்களிலும் இந்தக் குழுவின் பாடல்கள் ஒருசேர நிறுத்தப்பட்டன. இதில் எந்த ஊர் நேயருக்கு என்ன விருப்பம் என்ற கேள்விக்கே இடமில்லை. கொலராடோவில் வேறொரு நிலையத்தின் அறிவிப்பாளர்கள் இருவர் தடையை மீறி இவர்கள் பாடலை ஒலிபரப்பியதற்காகத் தற்காலிகமாகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள்.

அந்த ஜூலையில் செனட் குழு ஒன்று இதை விசாரித்தது. கியூமுலஸ் தலைவரைக் கடுமையாகக் கேள்வி கேட்டவர் குழுவின் தலைவர் ஜான் மெக்கெய்ன். ஈராக் போரை முழு மூச்சாக ஆதரித்தவர் அவர். நடாலியின் பேச்சு அவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு நிறுவனத்தின் தலைமையகம் தன் எல்லா நிலையங்களுக்கும் சேர்த்துத் தடை போடுவதை அவர் ஏற்கவில்லை. ஈராக் விஷயத்தில் மெக்கெய்ன் செய்ததை நாம் மறக்கப் போவதில்லை. இருந்தாலும் தனக்குப் பிடிக்காத ஒருவருக்காக அவர் அன்று கேட்ட கேள்விகள் நியாயமானவை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பகைமை நீதியை மறைக்கக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தில் நாம் ஓதுகிறோம் அல்லவா?

இனி அரங்கத்துக்குள் இருந்தவர்களைப் பாருங்கள். 2003 மே 1 அன்று, தீர்மானம் போட்ட அதே தென் கரோலினாவின் கிரீன்வில் நகரில் அவர்களின் சுற்றுப்பயணம் தொடங்கியது. போர்க்கப்பலில் நின்று பெரும் சண்டைகள் முடிந்துவிட்டன என்று புஷ் அறிவித்ததும் அதே நாளில்தான். கூச்சலிட வந்திருப்பவர்கள் கூச்சலிடலாம் என்று நடாலி 15 விநாடி அவகாசம் கொடுத்தார். எழுந்தது ஆரவாரம். டிக்கெட் வாங்கி வந்தவர்கள் அவர்களைக் கைவிடவில்லை.

ஜூலை 6 அன்று டல்லாஸ் நகரில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. அன்று மேடையில் நடாலி சுட்டுக் கொல்லப்படுவார் என்று முன்கூட்டியே மிரட்டல் கடிதம் வந்திருந்தது. போலீஸ் பாதுகாப்புடன் பாடிவிட்டு உடனே ஊரைவிட்டுக் கிளம்பினார்கள்.

ஈராக்கில் பேரழிவு ஆயுதக் கையிருப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்கா அனுப்பிய ஆய்வுக் குழுவே 2004-ல் அறிக்கை தந்தது. 2007 பிப்ரவரியில் இந்தக் குழுவுக்கு ஐந்து கிராமி விருதுகள் கிடைத்தன. கண்ட்ரி வானொலிகளோ அப்போதும் அவர்களுக்குத் திறக்கவில்லை. அவர்கள் சொன்னது சரி என்று ஆனபிறகும் கதவு சாத்தியேதான் இருந்தது. அந்தப் போரில் ஈராக்கியர்கள் இழந்ததற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லைதான். ஆனால் போருக்கு எதிராக வாய் திறக்க நினைத்த மற்ற கலைஞர்களுக்கு இது நல்ல எச்சரிக்கையாக அமைந்தது. அமெரிக்கக் கண்ட்ரி பாடகர்கள் நடுவே 'டிக்ஸி சிக்ஸ் ஆக்கிவிடுவார்கள்' என்பது ஒரு சொல்வழக்காகவே ஆகிப்போனது.

அரங்கமே கூச்சலிட்டபோது

அரங்கத்தில் இருந்தவர்களே எதிர்த்த நிகழ்வும் உண்டு. அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் 1992 அக்டோபர் 3 அன்று அமெரிக்க நேரலைத் தொலைக்காட்சியில் போப் இரண்டாம் ஜான் பாலின் படத்தைக் கிழித்தார். தேவாலயங்களில் குழந்தைகள் மீது நடந்த கொடுமையும் அதை மூடி மறைத்ததும்தான் அவர் கோபத்துக்குக் காரணம். இரண்டு வாரம் கழித்து நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் மேடையில் அவர் ஏறியதும் கூட்டத்திலிருந்து கூச்சல் எழுந்தது. பாட வந்த பாடலைப் பாட முடியவில்லை. இசைக்குழுவை நிறுத்தச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சியில் பாடிய அதே பாடலை உரத்த குரலில் சொல்லிவிட்டு இறங்கினார். அவருடைய இசைத்தட்டுகளை நியூயார்க் வீதியில் ரோடு ரோலர் ஏற்றி நசுக்கினார்கள். பதினோரு ஆண்டு கழித்து லூசியானாவில் வந்தது டிராக்டர்.

பிறருடைய மதத் தலைவரின் படத்தைக் கிழிப்பது நமக்கு உவப்பான முறை அல்ல. அந்தக் கூட்டத்தில் உண்மையிலேயே மனம் புண்பட்ட கத்தோலிக்கர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் குற்றச்சாட்டு பொய்யல்ல என்பது 2009-ல் அயர்லாந்து அரசின் விசாரணை அறிக்கைகள் வெளிவந்தபோது தெரிந்தது. மறு ஆண்டு போப் பதினாறாம் பெனடிக்ட் அயர்லாந்து மக்களுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஷினேட் 2018-ல் இஸ்லாத்தை ஏற்று ஷுஹதா என்று பெயர் வைத்துக்கொண்டதை நம் வாசகர்கள் அறிவார்கள். 2023 ஜூலை 26-ல் அவர் இறந்தபோது, 1992-ல் அவர் செய்தது சரிதான் என்று எழுதாத பத்திரிகைகள் குறைவு.

சொல்லாத நகைச்சுவைக்குச் சிறை

நம் நாட்டுக்கு வருவோம். நகைச்சுவைக் கலைஞர் முனவ்வர் ஃபாரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் ஓர் உணவகத்தில் மேடை ஏறினார். நிகழ்ச்சி நடக்கும் முன்பே பா.ஜ.க. எம்.எல்.ஏ. ஒருவரின் மகன் ஆட்களுடன் வந்து தடுத்தார், புகாரும் கொடுத்தார். இந்துக் கடவுள்களை இழிவுபடுத்தினார் என்பது குற்றச்சாட்டு. அன்று அந்த மேடையில் அவர் அப்படிச் சொன்னதற்குக் காணொளி ஆதாரம் எதுவும் இல்லை. உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று ஜாமீன் கொடுத்தபோது ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று பெங்களூரில் நடக்கவிருந்த அவரது நிகழ்ச்சியும் நின்றது. அவர் சர்ச்சைக்குரியவர், சட்டம் ஒழுங்கு கெடும் என்று அமைப்பாளர்களுக்குக் காவல்துறை கடிதம் கொடுத்தது. இரண்டு மாதத்தில் 12 நிகழ்ச்சிகள் இப்படி ரத்தாயின என்று முனவ்வர் சொன்னார். பெங்களூரில் டிக்கெட் வாங்கியவர்கள் யாரும் அவரை எதிர்க்கவில்லை. எதிர்த்தவர்கள் டிக்கெட் வாங்கியவர்கள் அல்லர்.

நம் பக்கம்

இதுவரை படித்ததில் நமக்குச் சங்கடம் எதுவும் இருந்திருக்காது. எல்லாவற்றிலும் நம் மனம் பேசியவர் பக்கமே நின்றிருக்கும். 2013 ஜனவரியையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

அது மேடைப் பேச்சு அல்ல, கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' படம். அதில் முஸ்லிம்கள் சித்திரிக்கப்பட்ட விதம் தவறு என்று நம் அமைப்புகள் போராடின. அந்த மனக்குறை உண்மையானது. தாடி வைத்தவன் என்றால் வெடிகுண்டு வைப்பவன் என்று பல ஆண்டுகளாகத் தமிழ் சினிமா நம் பிள்ளைகளுக்குக் காட்டி வந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் அதன் கேலியைச் சுமந்தவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். படத்தைக் கண்டித்து எழுதியது, பார்க்காதீர்கள் என்று சொன்னது, திரைத்துறையினரை நேரில் கண்டு முறையிட்டது எல்லாம் நியாயம். காஸாவுக்காகச் சில நிறுவனங்களின் பொருட்களை நாம் இன்று தவிர்ப்பதும் இதே வகைதான். நம் காசை எங்கே கொடுப்பது என்பது நம் முடிவு.

ஆனால் அன்று நாம் அதோடு நிற்கவில்லை. அரசு தடை செய்ய வேண்டும் என்று கேட்டோம். மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு போட்டு இரண்டு வாரம் படத்தை நிறுத்தினார்கள். 500-க்கும் மேற்பட்ட திரையரங்குகளுக்குப் பாதுகாப்புத் தரப் போலீஸ் போதாது என்றார் அன்றைய முதல்வர் ஜெயலலிதா. நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கலாம் என்று கமல் மனம் நொந்து சொன்னபோது நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு வருந்தினோம்? 2015 நவம்பரில் ஆமிர் கான் ஒரு விருது விழா மேடையில், நாட்டைவிட்டுப் போய்விடலாமா என்று தன் மனைவி கேட்டதாகச் சொன்னார். அவர் விளம்பரம் செய்த செயலியை ஆயிரக்கணக்கானோர் நீக்கினார்கள், அந்த நிறுவனமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அப்போது நமக்கு நெஞ்சு பதறியது.

'விஸ்வரூபம்' ஏழு இடங்களில் ஒலி நீக்கப்பட்டு 2013 பிப்ரவரி 7 அன்று தமிழகத்தில் வெளியானது. அந்தத் தடைக்கு அரசு சொன்ன காரணம் சட்டம் ஒழுங்கு. எட்டு ஆண்டு கழித்து முனவ்வரின் நிகழ்ச்சியை நிறுத்தப் பெங்களூர் போலீஸ் எழுதிய கடிதத்தில் இருந்ததும் அதே இரண்டு சொற்கள்தான்.