அப்பாயி அவிச்ச நெல்லும் அமெரிக்கா பாக்கெட் அரிசியும்

1/
ஸ்டார்ட்-அப், பேட்டன்ட், பிராண்ட்னு இப்ப நிறைய பேசுறோம். திருத்துறைப்பூண்டி பக்கம் வீட்டுக்கு வீடு கொல்லையில நடந்த ஒரு வேலை, அமெரிக்காவில் உலகப் பிராண்டாக மாறிய கதையைச் சொல்றேன். நடுவுல ஆளைக் கொல்லும் ஒரு நோயும் வருது. டாக்டரான எனக்கு இதுல ஆர்வம் வந்ததே அதனாலதான். நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க மக்களே.

2/
எங்க அப்பாயி நெல் அவிக்கிறதைப் பாத்திருக்கேன். முதல் நாளே ஊறப்போட்ட நெல்லைப் பெரிய அண்டாவுல கொட்டி, அடியில கொஞ்சம் தண்ணி விட்டு, வைக்கோலும் உமியும் போட்டு எரிப்பாங்க. ஆவி மேல வந்து நெல் லேசா வாய் விட்டதும் இறக்கி, களத்துல கொட்டிக் காயவைப்பாங்க. கடிகாரமும் கிடையாது, தெர்மாமீட்டரும் கிடையாது. எல்லாம் கைப்பதம்தான்.

3/
ஏன் அவிக்கணும்னு கேட்டா, "அப்பதான் அரிசி உடையாது, நொய் விழாது"ம்பாங்க. அது உண்மைதான். சூட்டுல அரிசியின் மாவுச்சத்து இறுகி, மணி கெட்டியாகுது. ஆனா உள்ளே இன்னொன்றும் நடக்குது. தவிட்டிலும் முளையிலும் இருக்கும் வைட்டமின் பி1 (தயமின்) தண்ணீரில் கரைந்து அரிசியின் உள்பக்கம் இறங்கிடுது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். பச்சரிசியைத் தீட்டினா, பெரும்பங்கு தவிட்டோடு போயிடும்.

4/
19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியா முழுக்க அரிசி ஆலைகள் வந்தன. பளபளன்னு வெள்ளை அரிசி, மலிவா, மூட்டை மூட்டையா. கூடவே பெரிபெரி பரவியது. கால் மரத்துப்போகும், வீங்கும், நடக்க முடியாது, கடைசியில் இதயம் செயலிழக்கும். சிறைகள், கப்பல்கள், சுரங்கங்கள், ராணுவ முகாம்கள் என்று ஒரே சாப்பாட்டை நம்பி இருந்த இடங்களில்தான் அதிகச் சாவு.

5/
டச்சு டாக்டர் எய்க்மன் 1890களில் ஜாவாவில் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வளர்த்த கோழிகளுக்குக் கால் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத்தான் அவை தின்றுகொண்டிருந்தன. புதுசா வந்த சமையல்காரர் "ராணுவத்துச் சோறு கோழிக்குக் கிடையாது"ன்னு நிறுத்திட்டார். தீட்டாத அரிசி போட்டதும் கோழிகள் எழுந்து நடந்தன! இந்த வழியில் போன ஆராய்ச்சிக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது.

6/
இப்ப நம்ம ஆட்கள் வர்றாங்க. அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி பினாங்குக்குப் போனவர்களில் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் ஏராளம். மலாயாவில் தோட்ட வேலை. தகரச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் அங்கேயும் விடாமல் கேட்டது புழுங்கல்.

7/
நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற ஆங்கிலேய டாக்டர் ஒன்றைக் கவனித்தார். ஒரே நாடு, ஒரே வெயில், அதே மாதிரி கடும் உழைப்பு. சீனர்கள் பெரிபெரியில் சாகிறார்கள், தமிழர்களுக்கு வருவதே அபூர்வம். 1907ல் புத்தகமாகவே எழுதினார். பச்சரிசியில் ஏதோ விஷம் உண்டாகிறது என்று நினைத்தார். காரணம் தப்பு, கவனிப்பு சரி.

8/
அதே காலத்தில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குப் பச்சரிசி, ஒரு பாதிக்குப் புழுங்கல் கொடுத்தார். பச்சரிசிப் பக்கம் நோயும் சாவும் ஏறின. இன்னைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் இதை அனுமதிக்காது. பிறகு ஃப்ரேசர், ஸ்டான்டன் இருவரும் சாலைத் தொழிலாளர்களிடம் அரிசியை மாற்றி மாற்றிக் கொடுத்து, 1909ல் சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி செய்தார்கள். 1912ல்தான் 'வைட்டமின்' என்ற பேரே வந்தது.

9/
ஆக, அண்டாவுல நெல் அவிச்ச பொம்பளைங்க வைட்டமினுக்குப் பேர் வைக்கிறதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே ஊரைக் காப்பாத்திட்டு இருந்தாங்க. அது அவங்களுக்கும் தெரியாது. இதுவரைக்கும் அறிவு. இனிமேல்தான் வியாபாரம்.

10/
எரிக் ஹுசென்லாப், ஜெர்மனியில் பிறந்த பிரிட்டிஷ் வேதியியலாளர். இதே தத்துவத்தை இயந்திரத்தில் ஏற்றினார். நெல்லில் இருக்கும் காற்றை வெற்றிடத்தால் உறிஞ்சி, அழுத்தத்தில் சுடுநீரை ஏற்றி, ஆவியில் வேகவைத்து, உலர்த்தித் தீட்டுவது. நாள்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடிந்தது. உடனே பேட்டன்ட்.

11/
1940களின் தொடக்கத்தில் டெக்சாஸில் கார்டன் ஹார்வெல் என்ற உணவு வியாபாரி ஆலை போட்டார். சாக்லேட் புகழ் ஃபாரஸ்ட் மார்ஸ் முதலீடு செய்தார். முதல் பெரிய கஸ்டமர் யார் தெரியுமா? அமெரிக்க ராணுவம்! இரண்டாம் உலகப்போர் நேரம். வைட்டமின் இருக்கு, பூச்சி சுலபத்தில் அண்டாது, சோறு குழையாது. ராணுவத்துக்கு வேற என்ன வேணும்?

12/
போர் முடிந்ததும் கடைக்கு வந்தது 'அங்கிள் பென்ஸ்'. பெட்டியில் ஒரு கறுப்பினப் பெரியவர் படம். அந்தப் பேரும் படமும் இனவெறியின் மிச்சம் என்ற விமர்சனத்துக்குப் பிறகு, 2020ல் 'பென்ஸ் ஒரிஜினல்' என்று மாற்ற முடிவு செய்தார்கள். உள்ளே இருந்தது என்னவோ நம்ம புழுங்கல் அரிசியின் சொந்தக்காரன்தான்.

13/
"அப்ப திருட்டா?"ன்னு கேட்பீங்க. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய ஆலைத் தொட்டியில் நெல் ரெண்டு மூணு நாள் ஊறினா என்ன நாத்தம் அடிக்கும்னு நமக்குத் தெரியும். ஒரு ஈடு மாதிரி அடுத்த ஈடு இருக்காது. நாத்தம், நாள், சீரின்மை, இந்த மூன்றையும் அவர்கள் தீர்த்தார்கள். பிறகு மொத்தமாக வாங்க ஒருத்தரைப் பிடித்தார்கள். எதுவும் தெரியாதவனும் பெட்டியைப் பார்த்து வாங்குகிற மாதிரி செய்தார்கள். லாபம் வந்தது அங்கேதான்.

14/
நாமும் சும்மா இல்லை. 1950ல் மைசூரில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், சுடுநீரில் (சுமார் 70 டிகிரி) மூன்று நான்கு மணி நேரத்தில் ஊறவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. நாத்தம் ஒழிந்தது. 1967ல் பக்கத்துல திருவாரூரிலேயே கூட்டுறவு நவீன அரிசி ஆலையோடு ஒரு ஆய்வுக்கூடம் வந்தது. நோக்கம், மழையில் நனைந்த ஈர நெல்லைக் காப்பாற்றுவது. அதுதான் வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் இருக்கும் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம். அதன் முழுப் பேரில் 'தொழில்முனைவு' என்ற சொல்லும் இருக்கு.

15/
இப்ப குறுவை அறுப்பு நேரத்தில் நம்ம ஊர்ப் பக்கம் வந்து பாருங்க. கொள்முதல் நிலைய வாசலில் குவியல் குவியலா நெல். விதிப்படி ஈரப்பதம் 17 சதவீதம். அந்தச் சமயத்துலதான் வடகிழக்குப் பருவமழை. தார்ப்பாய்க்குக் கீழே நெல் முளைவிடும். காயவைக்கும் தொழில்நுட்பம் இருக்கு. விவசாயி கைக்கு எட்டும் விலையில், அவர் ஊர்லயே, அந்த வாரத்துல அது கிடைக்கணும். அதைச் சேவையா மாத்துறவங்கதான் இங்கே உண்மையான ஸ்டார்ட்-அப். இளைஞர்கள் யோசிங்க.

16/
டாக்டரா மூணு விஷயம் சொல்லிடுறேன்:
• புழுங்கல் நல்லதுதான். அதுக்காக சுகர் நோயாளிகள் அளவில்லாம சாப்பிட லைசென்ஸ் இல்லை. மாத்திரையையும் நிறுத்தாதீங்க.
• அரிசியை அஞ்சாறு தடவை அலசாதீங்க, வடிச்ச கஞ்சியைக் கொட்டாதீங்க. பி1 அதோட போயிடும்.
• பி1 குறைபாட்டை இன்னைக்கும் பாக்குறோம், பெரும்பாலும் தொடர்ந்து குடிப்பவர்களிடம். தள்ளாட்டம், குழப்பம், கண் அசைவில் கோளாறு தெரிஞ்சா "போதை, தெளிஞ்சிடும்"னு விட்டுடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. சமயத்துல போட்டா, விலை குறைந்த தயமின் ஊசியே மூளையைக் காப்பாத்தும்.

17/
அப்பாயி போன பிறகு அந்த அண்டா ரொம்ப நாள் கொல்லையில கவுந்து கிடந்தது. அப்புறம் பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போட்டாச்சு. அப்ப எனக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

உங்க வீட்டில் நெல் அவிச்சதைப் பார்த்தவங்க, எந்த ஊர், எப்படின்னு கீழே எழுதுங்க. அந்தக் கைப்பதம் தெரிஞ்சவங்க இன்னும் இருக்கும்போதே கேட்டு வச்சுக்குவோம்.