கடல் கடக்காத கடப்பா

சிங்கப்பூரில் பத்தாண்டுகளாக வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் விடுமுறைக்கு வந்திருந்தார். கும்பகோணத்தில் ரயிலை விட்டு இறங்கியவர், வீட்டுக்குப் போவதற்கு முன் ஓட்டலுக்குப் போய் இட்லியும் கடப்பாவும் கேட்டிருக்கிறார். "இன்னைக்குக் கெடையாது சார், ஞாயித்துக்கெழமைதான்" என்று பதில் வந்திருக்கிறது. மூன்று நாள் காத்திருந்து ஞாயிறன்று மறுபடியும் போனார். சிங்கப்பூரில் இட்லிக்கா பஞ்சம், எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "இட்லி கெடைக்குதுங்க ஐயா, கடப்பா கெடைக்கல" என்றார்.

கடப்பா என்றதும் ஆந்திரத்து ஊரையோ தரையில் பதிக்கும் கல்லையோ நினைப்பவர்கள் தஞ்சை, கும்பகோணம் பக்கம் சாப்பிடாதவர்கள். பயத்தம்பருப்பைக் குழைய வேகவைத்து, மசித்த உருளைக்கிழங்கைச் சேர்த்து, தேங்காய், பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், சோம்பு, கசகசா ஆகியவற்றை அரைத்து ஊற்றிக் கொதிக்கவிடுவது. புளி கிடையாது. சாம்பாரும் அல்ல, குருமாவும் அல்ல. ஆறினால் இறுகிவிடும், தேங்காய் அரைத்த பண்டம் என்பதால் நெடுநேரம் தாங்காது. சாம்பாரைப் போல நாள் முழுக்கச் சூடுபடுத்தி விற்க இயலாது. குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட வேளையில், அதை எதிர்பார்த்து வருகிறவர்களுக்காக மட்டுமே செய்ய முடியும்.

டெல்டாவிலிருந்து கடல் கடந்தவர்களின் வரலாறு நீண்டது. 1926இல் கட்டப்பட்ட ரஜுலா என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல்லாண்டுகள் ஓடியது. அதற்கும் முன்பிருந்தே நாகை வழியாக மலாயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பகுதியினர் நிலமற்ற உழவுத் தொழிலாளர்கள். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும்வரை அந்த ஓட்டம் தொடர்ந்தது.

ஓட்டல் பண்டத்துக்கான ஏக்கம் அவர்களுக்கு இருந்திருக்குமா? இருந்திருக்க வழியில்லை. அன்றைய காப்பி கிளப்புகளில் சாதிக்கொரு இடம் இருந்தது. தலித்துகளுக்கு அந்த இடமும் இல்லை. உணவு விடுதிகளில் தீண்டாமை பாராட்டுவது நாடு முழுவதும் சட்டப்படி குற்றமானதே 1955இல்தான். என் மாணவரின் பூட்டனாரும் நாகையில் கப்பலேறியவர். "அவருக்குக் கடப்பான்னா என்னன்னே தெரிஞ்சிருக்காதுங்க ஐயா. வாசப்படியத் தாண்டியிருந்தாத்தானே?" என்றார். நாவின் ஏக்கம் என்று நாம் இலேசாகப் பேசுவதற்கும் முன்தகுதி ஒன்று வேண்டியிருக்கிறது: அந்த மேசையில் ஒருமுறையாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

கடல் கடந்த ஊர்களில் தமிழ் ஓட்டல்கள் பிறகு வந்தன. சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் 1947இல் தொடங்கிய கோமள விலாஸ் அவற்றுள் பெயர்பெற்றது. அத்தகைய ஓட்டல்களுக்கு மதுரைக்காரரும் வருவார், யாழ்ப்பாணத்தவரும் வருவார். ஆகவே எல்லோருக்கும் தெரிந்த இட்லி, தோசை, வடை, சாம்பார் ஆகியவையே நிலைத்தன. ஒரு வட்டாரத்தார் மட்டும் கேட்கிற, சீக்கிரம் கெட்டுப்போகிற பண்டத்துக்கு அங்கே இடமில்லை.

சரி, வீட்டிலேயே செய்துகொள்ளலாமே என்றால், கசகசா குறுக்கே நிற்கிறது. அபின் எடுக்கும் அதே செடியின் விதை அது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் ஒழிப்புத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். நினைத்தபடி பெட்டியில் போட்டுக்கொண்டு போக முடியாது. டெல்டா இளைஞர்கள் மிகுதியாகச் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அதற்குத் தடை உண்டு. விவரம் அறியாமல் சமையலுக்கென்று கொண்டுபோய்ச் சிறைப்பட்டவர்கள் உண்டு.

இதில் வரலாற்றின் முரண் ஒன்றும் இருக்கிறது. இதே சிங்கப்பூரில் ஆங்கிலேய அரசு 1910 முதல் அபினைத் தானே காய்ச்சி விற்றது. சில ஆண்டுகளில் அரசின் வருவாயில் ஏறக்குறைய பாதி அதிலிருந்து வந்தது. மூலப்பொருளான அபின் பெருமளவில் இந்தியாவிலிருந்து போனது. அபின் மூட்டைகளுக்குத் திறந்திருந்த துறைமுகத்தில் இன்று ஒரு கரண்டி கசகசாவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். தடையில் நியாயம் இருக்கலாம். ஆனால் அன்று அபின் விற்றவர்கள் யாருக்கும் கணக்குச் சொல்லவில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கசகசா இல்லாமல் முந்திரிப்பருப்பு அரைத்துச் செய்து பார்த்தீர்களா என்று மாணவரைக் கேட்டேன். "செஞ்சேங்க ஐயா. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அது குருமா" என்றார்.

ஊர் திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாயும் காப்பிப்பொடியும் எடுத்துப் போனார். அவருடைய அம்மா ஆசையாய் மடித்துக் கொடுத்த கசகசாப் பொட்டலம் சமையலறை மாடத்திலேயே இருக்கிறது.