உயிரின் முதல் கருவி – 9: நொதி இல்லாத வெட்டு

(சென்ற வாரம்: டெட்ராஹைமீனாவின் ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் நொதியைப் பிடிக்க, கொலராடோ பல்கலைக்கழகத்தில் தாமஸ் செக்கின் குழு முனைந்தது. எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்தார்கள்...)

இரண்டு தடங்களிலும் அந்தக் கோடு இருந்தது!

உட்கருச் சாறு ஊற்றிய குழாயில் கோடு விழுந்ததில் வியப்பில்லை. வெட்டுகிற நொதி சாற்றில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஆனால் சாறே ஊற்றாத ஒப்பீட்டுக் குழாயில் எப்படி வெட்டு நடந்தது? ஏதோ கைத்தவறு என்றே செக் முதலில் நினைத்தார். குழுவைச் சேர்ந்த ஆர்தர் ஸாக் மறுபடி கவனமாகச் செய்து பார்த்தார். மறுபடியும் அதே கோடு.

டெட்ராஹைமீனா, குளத்து நீரில் வாழும் ஒரு செல் உயிரி. ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணு அதன் பெரிய உட்கருவில் ஏறக்குறைய 10,000 பிரதிகளாக இருக்கிறது. அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வின் நடுவே 413 எழுத்து நீளத்தில் ஓர் இடைச்செருகல் உண்டு. அதுதான் இன்ட்ரான். அதை வெட்டி நீக்கி, இரு பக்கத்து முனைகளையும் ஒட்டினால்தான் ஆர்.என்.ஏ. பயன்படும். நீங்கிய அந்தத் துண்டுதான் ஃபிலிமில் கோடாக விழுந்தது.

1926இல் ஜேம்ஸ் சம்னர் வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாக்கி, அது புரதமே என்று காட்டினார். அதன் பிறகு நொதி என்றாலே புரதம் என்றாகிவிட்டது. ஆர்.என்.ஏ.வும் வினையூக்கியாக இருந்திருக்கலாம் என்று 1960களின் இறுதியில் வோஸ், கிரிக், ஆர்கெல் ஆகிய அறிவியலாளர்கள் மூவரும் எழுதினார்கள். சான்றுதான் இல்லை.

ஆகவே செக்கின் ஆய்வகத்தில் புரத வேட்டை தொடங்கியது. ஆர்.என்.ஏ.வோடு ஏதாவது புரதம் ஒட்டிக்கொண்டு வருகிறதா? கொதிக்க வைத்தார்கள். டிடர்ஜென்டில் அலசினார்கள். ஃபீனாலால் பிரித்தார்கள். புரதத்தைத் தின்னும் நொதிகளை ஏவினார்கள். வெட்டு நிற்கவில்லை!

இன்னொரு துப்பும் கிடைத்தது. குழாயில் மெக்னீசியமும் ஜி.டி.பி.யும் இருந்தால்தான் வேலை நடந்தது. ஜி.டி.பி. ஆற்றல் தரும் மூலக்கூறு. வெட்டுவதற்கான ஆற்றலை அது தருகிறது என்று கொள்ளலாமே? ஆனால் பாஸ்பேட்டே இல்லாத வெறும் குவானோசினும் அதே வேலையைச் செய்தது. அதில் கொடுக்க ஆற்றல் ஏது? கதிரியக்கம் ஏற்றிய ஜி.டி.பி.யைப் போட்டுத் தேடினார்கள். அது இன்ட்ரானின் தலையில் ஒட்டியிருந்தது. 413 எழுத்துத் துண்டு 414 எழுத்தாக வெளியே வந்திருந்தது.

இதிலிருந்து வேதியியல் துலங்கியது. ஆர்.என்.ஏ. இழை தன்மேலேயே மடிந்து, எழுத்தோடு எழுத்து இணைந்து, குவானோசின் சரியாகப் பொருந்தும் ஒரு பள்ளத்தை அமைக்கிறது. எதிர்மின்னேற்றம் கொண்ட பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று விலக்கிவிடாமல் மெக்னீசியம் அயனிகள் காக்கின்றன. பள்ளத்தில் அமர்ந்த குவானோசினின் ஹைட்ராக்சில் தொகுதி, இன்ட்ரான் தொடங்கும் இடத்துப் பாஸ்பரஸைத் தாக்குகிறது. அங்கே இழை அறுகிறது. விடுபட்ட முனையின் ஹைட்ராக்சில், இன்ட்ரான் முடியும் இடத்தைத் தாக்குகிறது. இன்ட்ரான் வெளியேற, முனைகள் இணைகின்றன. ஒரு முடிச்சு அவிழும்போதே இன்னொரு முடிச்சு விழுகிறது. மொத்தப் பிணைப்புகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. அதனால்தான் வெளியிலிருந்து ஆற்றல் தேவைப்படவில்லை. எத்தனை நேர்த்தியான கணக்கு!

ஆனாலும் சந்தேகம் எஞ்சியது. டெட்ராஹைமீனாவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வில், எதற்கும் மசியாத ஒரு புரதம் இறுகிப் பிடித்திருந்தால்?

செக்கின் குழு அந்த வாசலையும் அடைத்தது. மரபணுத் துண்டை பிளாஸ்மிட்டில் பொருத்தி, ஈ.கோலை பாக்டீரியாவில் பெருக்கி, டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தார்கள். தூய ஆர்.என்.ஏ. பாலிமரேஸைக் கொண்டு குழாயிலேயே ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்தார்கள். பிறகு பாலிமரேஸையும் நீக்கினார்கள். டெட்ராஹைமீனாவின் உடலையே அறியாத அந்த ஆர்.என்.ஏ., மெக்னீசியமும் குவானோசினும் கிடைத்ததும் தன்னைத் தானே வெட்டி ஒட்டிக்கொண்டது!

1982 நவம்பரில் ‘செல்’ ஆய்விதழில் கட்டுரை வெளியானது. ‘ரைபோசைம்’ என்ற பெயர் பிறந்தது. கண்ணெதிரே கிடைத்த முடிவு நம்பிக்கைக்கு முரணாக இருந்தும் அதைத் தூக்கி எறியாமல், ஒவ்வொரு சந்தேகத்தையும் தாங்களே எழுப்பித் தாங்களே தீர்த்தார்களே, அறிவியலில் நான் தலைவணங்குவது அந்த நேர்மைக்குத்தான்.

ஆனால் வெற்றி முழுமையாகவில்லை. நொதியின் இலக்கணம் என்ன? வினையை நடத்திவிட்டுத் தான் மாறாமல் நிற்க வேண்டும்; அடுத்த மூலக்கூறையும், அதற்கடுத்ததையும் மாற்ற வேண்டும். இந்த ஆர்.என்.ஏ.வோ தன்னையே ஒரு முறை வெட்டிக்கொண்டு வேறொன்றாகிவிடுகிறது. இதை எப்படி நொதி என்பது? ஆட்சேபம் நியாயமானது.

இதற்கான பதில் யேல் பல்கலைக்கழகத்தில் உருவாகிக்கொண்டிருந்தது. சிட்னி ஆல்ட்மனின் ஆய்வகம் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்துவந்த நொதி ‘ஆர்.என்.ஏஸ் பி’. அதில் ஒரு புரதமும் 377 எழுத்து நீள ஆர்.என்.ஏ. ஒன்றும் இருந்தன. ஆர்.என்.ஏ.வை அழித்தால் நொதி செயலிழக்கிறது என்று 1978இலேயே காட்டியிருந்தார்கள். ஆனாலும் வெட்டுவது புரதம், ஆர்.என்.ஏ. வெறும் தாங்குகட்டை என்பதே பொதுக் கருத்து.

ஆல்ட்மனின் ஆய்வகத்தைச் சேர்ந்த செசிலியா கெரியே-டகாடா அந்த இரண்டையும் பிரித்தார். புரதத்தை ஒதுக்கிவிட்டு ஆர்.என்.ஏ.வை மட்டும் வைத்து, மெக்னீசியத்தை வழக்கத்தைவிடக் கூட்டி, வெட்டப்பட வேண்டிய மூலக்கூறுகளைச் சேர்த்தார். தனித்து விடப்பட்ட அந்த ஆர்.என்.ஏ. அசையாமல் கிடந்ததா? ஒரு வெட்டோடு ஓய்ந்ததா? இல்லை, மாறாமல் நின்று அடுத்த மூலக்கூறைத் தேடிப் போனதா?

(தொடரும்)