விரலுக்குக் கூடு, செவிக்கு?



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே திருவிழாக் காலம் வந்துவிட்டால் கோயில் வீதிகளெல்லாம் நாதசுரத்தாலும் தவிலாலும் நிறைந்துவிடும். இணுவிலும் அளவெட்டியும் இக்கலையை வளர்த்த ஊர்கள். தமிழகத்து வித்துவான்களும் வியக்கத் தவில் வாசித்த தெட்சணாமூர்த்தி (1933–1975) இம்மண்ணின் மைந்தரே.

தவில் வாசிப்பவர் வலக்கை விரல்களிலே துணியும் பசையும் கொண்டு இறுகச் செய்த கூடுகளை அணிவார். அவை ஓசைக்கு உறுதியும் விரலுக்குக் காப்பும் தருவன. விரலைக் காக்க அறிந்த நம் முன்னோர் செவியைக் காக்க ஏன் எண்ணவில்லை? விரலின் புண் கண்ணுக்குத் தெரியும். செவியின் புண் தெரியாது என்பதே காரணம் போலும்.

முதிய தவில் வித்துவான் ஒருவரை நான் அறிவேன். மாணவன் தவறிய சொற்கட்டு அவருடைய கண்ணுக்குப் புலப்படும், காதுக்கு எட்டாது. கற்ற வித்தை முழுவதும் உள்ளே இருக்க, அதனைக் கொடுக்கும் வாயில் அடைபட்டுவிட்டது.

தொழிலின் ஓசை செவியைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியன்று. 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இத்தாலிய வைத்தியர் இறமசீனி, வெனிசு நகரத்துச் செம்புக் கொல்லர் செவிடாவதை எழுதிவைத்தார். 1907 இல் ஜெர்மனியிலே மக்ஸ் நெக்வர் என்பவர் மெழுகும் பஞ்சும் சேர்ந்த செவியடைப்பானை உருவாக்கினார். அமுக்கினாற் சுருங்கிப் பின்னர் விரியும் நுரை அடைப்பான் 1970 களில் வந்தது. ஆயினும் இவை மேற்சுரங்களையே மிகுதியாக விழுங்கிவிட, இசை மங்கி ஒலித்தது. எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாற் குறைக்கும் அடைப்பான் 1988 இல் அமெரிக்காவில் உருவானது. இசைவாணருக்கென்றே எழுந்தது அது.

அளவையும் அறிந்துகொள்வோம். 85 டெசிபெல் ஓசையை நாளொன்றுக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்பது அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் 1998 இல் வகுத்த எல்லை. ஓசை 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலுக்கு 15 நிமிடமே. விடிய விடிய நிகழும் தவிற்சமாவை இக்கணக்கில் வைத்துப் பாருங்கள். உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கச்சேரி முடிந்தபின் காதில் இரைச்சல் கேட்டால் அதுவே எச்சரிக்கை.

ஆகவே வெறும் பஞ்சை நம்பற்க. அது தடுப்பது மிகச் சிறிதே. பிறர் வாசிக்கும் வேளையில் நுரை அடைப்பான் போதும். அதனை உருட்டிச் சுருக்கி, காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துச் செருகி, விரியும்வரை விரலாற் பிடித்திருத்தல் வேண்டும். வாசிக்கும்போது இசைவாணருக்குரிய அடைப்பானே தகும். நாதசுரக்காரருக்குத் தம் ஊதல் தலைக்குள்ளேயே முழங்குவதுபோலத் தோன்றலாம். காதின் அச்செடுத்து ஆழப் பொருந்தச் செய்தால் அக்குறை தணியும். சாதகத்தின்போதே அணிந்து பழகினால் மேடையில் தடுமாற்றம் இராது.

அடைப்பான் மட்டும் போதுமா? 2012 இல் இலண்டன் அரச இசைநாடக அரங்கின் ஒத்திகையிலே, பித்தளை வாத்தியங்களுக்கு முன்னே அமர்த்தப்பட்ட வயலாக் கலைஞர் ஒருவர், அடைப்பான் அணிந்திருந்தும் செவிக்கேடு உற்றார். 2018 இல் உயர் நீதிமன்றம் அரங்கையே பொறுப்பாக்கியது; மேன்முறையீட்டிலும் அப்பொறுப்பு நீங்கவில்லை. ஓசை குறையுமாறு இருக்கைகளை அமைத்திருக்க வேண்டும் என்பது அவ்வழக்கு தந்த பாடம். கோயில் உபயகாரரும் இதனைக் கருத வேண்டும். ஒலிபெருக்கியின் வாயைக் கலைஞரின் காதுக்கு நேரே வைக்காதிருத்தல் செலவில்லாத பேருதவி.

மாணவனுக்கு விரற்கூடு கட்டப் பழக்கும் ஆசிரியர், செவிக் காப்பையும் உடன் பழக்குவாராக. கேட்கும் செவி இருந்தால் அன்றோ, கொடுக்கும் கலை வாழும்!